டகோட்டாவின் கீழே ஒரு பருந்து

மோப்ப நாய் முனியராஜின் பையை ஒரு சுற்று முகர்ந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. எலஹங்கா விமானப்படைத் தளத்தின் வாசலில், விமானச் சாகசம் பார்க்க வந்த கூட்டம் வளைந்து வளைந்து நின்றது. நாய் உட்கார்ந்ததும் அவனுக்கு முன்னால் நின்றவர்கள் நாலடி விலகினார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஒருவர் பையைத் தொடாதே என்று சைகை காட்டினார்.

பைக்குள் இருந்தது ஒரு பழைய கேமரா, மதுரையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய முழ நீள லென்ஸ், இரண்டு பேட்டரி, புளியோதரைப் பொட்டலம். வேறொன்றுமில்லை. தமிழ் தெரிந்த காவலர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். ஓசூர்க்காரர்.

"ஊர் எது?"

"சிவகாசிப் பக்கம் சார். தாயில்பட்டி."

"என்ன வேலை?"

"பிரஸ்ல டிசைனர். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் பண்றது."

பட்டாசு என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் நாய் ஏன் உட்கார்ந்தது என்று முனியராஜுக்கு விளங்கியது. அந்தப் பையில்தான் பொன்மணி வாரம் முழுக்கத் தூக்குச்சட்டி வைத்து வேலைக்குக் கொண்டுபோயிருந்தாள். அவன் மனைவி பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிறவள். வெடிமருந்தை அங்கே யாரும் வெடிமருந்து என்பதில்லை, மருந்துதான். நகக்கண்ணிலும் முந்தானையிலும் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வருகிற சாம்பல் நிறப் பொடி. மூன்று தண்ணீரில் அலசினாலும் போகாது.

அதை அவன் சொல்லத் தொடங்கினான். காவலர் கேட்டார். கேட்டுவிட்டு, "உன்னைத் தெரிஞ்சவங்க யாராவது கூட வந்திருக்காங்களா?" என்றார்.

முனியராஜ் திரும்பிப் பார்த்தான். வரிசையில் ஆறு பேருக்குப் பின்னால் சோலைச்சாமி நின்றிருந்தார். மல்லாங்கிணற்றில் அறுபது ஏக்கர் மானாவாரிக் காடு உள்ளவர். விருதுநகர் கேமராச் சங்கத்தில் இருவரும் உறுப்பினர்கள். முனியராஜின் அப்பா நாகையா அவருடைய காட்டில் நாற்பது வருடம் உழுதவர், இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார். போன மாதக் கூட்டத்தில்கூட "நாகையா மகனா, அந்த ஓரமா உக்காரு" என்று எல்லோர் முன்பும் சொன்னவர் அவர்.

"அந்தா, அவுகளுக்குத் தெரியும் சார். எங்க சங்கத்துக்காரர்."

காவலர் போய்க் கேட்டார். சோலைச்சாமி தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முனியராஜை மேலும் கீழும் பார்த்தார். அவசரமே இல்லாத பார்வை.

"தெரியாது" என்றார். "எங்க பக்கம் ஆயிரம் பேரு இருக்கான். சிவகாசிக்காரன்னு சொன்னா நல்லா விசாரிச்சே விடுங்க."

வரிசை நகர்ந்தது. சோலைச்சாமி அவனைக் கடந்து உள்ளே போனார்.

முனியராஜை ஒரு கூடாரத்துக்குள் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, வையவில்லை. பையின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து ஒரு எந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிரஸ் முதலாளியைப் போனில் பிடித்துப் பேசினார்கள். ஆதார் அட்டையைப் படம் எடுத்தார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள், அதில் அவனுக்குக் குறையில்லை. ஆனால் கூடாரத்துக்கு மேலே ஜெட் விமானங்கள் கிழித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு இரைச்சலையும் கேட்டு இது தேஜஸ், இது சுகோய் என்று கணக்குப் போட்டான். தலை தூக்கிப் பார்த்தால் தார்ப்பாய்தான். அதிலும் சோலைச்சாமியின் முகம்தான் வந்து நின்றது.

பதினொன்றரைக்கு விட்டார்கள். பை அங்கேயே இருக்கட்டும், கேமராவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போ என்றார் ஓசூர்க்காரர். புளியோதரையையும் பையோடு விட்டுவிட்டு ஓடினான்.

வேலி ஓரம் முழுவதும் ஆள். இடித்துப் பிடித்து ஓர் இடைவெளியில் நுழைந்தபோது வலப்பக்கம் பத்தடி தள்ளி அந்தத் தொப்பி தெரிந்தது. முக்காலியில் பீரங்கி போல ஒரு வெள்ளை லென்ஸ். சோலைச்சாமி அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முனியராஜ் கேமராவைத் தூக்கிக் கண்ணில் வைத்தான். சண்டைக்குப் போனால் படம் போய்விடும்.

சூரியகிரண் சாகச அணியின் இரண்டு விமானங்கள் அப்போதுதான் புகையால் வானத்தில் ஒரு இதயம் வரைந்து பிரிந்தன. கூட்டம் கைதட்டி ஓய்ந்து, பலர் கேமராவை இறக்கிவிட்டார்கள். காற்று இல்லாததால் புகை கலையாமல் நின்றது. இடது கோடியிலிருந்து கரகரவென்று வேறொரு சத்தம் வந்தது. பழைய டகோட்டா. சுதந்திரத்துக்கு முன்பே செய்த இரட்டை எஞ்சின் விமானம், வயிறு பெருத்து, வெள்ளி நிறத்தில் தாழ்வாக வந்தது.

ஜெட் விமானத்தை யாரும் எடுத்துவிடலாம். முன்னால் காற்றாடி சுற்றுகிற விமானம் அப்படியல்ல. கேமராவின் ஷட்டரை வேகமாகத் திறந்து மூட வைத்தால் காற்றாடி அசையாமல் நின்றுவிடும். படத்தில் விமானம் எஞ்சின் நின்றுபோய் அந்தரத்தில் தொங்குகிற பொம்மையாகத் தெரியும். மெதுவாக வைத்தால் காற்றாடி வட்டமாகச் சுற்றும், ஆனால் விமானத்தோடு சேர்ந்து உடம்பை அதே வேகத்தில் திருப்பாவிட்டால் எல்லாமே கலங்கிவிடும். முனியராஜ் நொடியில் எண்பதில் ஒரு பங்கு வைத்தான். மூச்சை அடக்கி இடுப்பைத் திருப்பிக்கொண்டே விரலை அழுத்தினான். வருடக்கணக்காக இதற்காகவே விருதுநகர் பைபாஸில் லாரிகளைக் குறிவைத்துப் பழகியிருந்தான். டகோட்டா இதயத்துக்கு முன்னால் வந்து, அதற்குள் நுழைந்து, வலப்பக்கம் போய் மறைந்தது. எல்லாம் ஆறேழு நொடி.

அவன் நாற்பத்தொரு படம் எடுத்திருந்தான். அதில் ஒன்று, ஒன்றே ஒன்று, அப்படியே அமைந்திருந்தது. விமானத்தின் மேல் ஒவ்வொரு ஆணியும் தெரிந்தது, இரண்டு காற்றாடியும் முழு வட்டமாகச் சுற்றின, பின்னால் புகை இதயம்.

ஊருக்கு வந்ததும் பொன்மணியிடம் கத்தினான். அந்தப் பையை எதற்கு எடுத்தாய், உன்னால் என்னைத் தீவிரவாதி மாதிரி உட்கார வைத்தார்கள் என்றான். அவள் அடுப்படியில் நின்றபடியே கேட்டாள்.

"நாய் என் வேலையத்தான மோந்துச்சு? அந்த வேலையிலதான் உங்க லென்சு வந்துச்சு. தெரியாதுன்னு சொன்ன ஆள அங்கன வச்சுக் கேக்காம, என்கிட்ட வந்து கத்துறீக."

அவன் போய்க் கணினியைத் திறந்தான்.

அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது டகோட்டாவின் இறக்கைக்குக் கீழே கறுப்பாக ஒரு பருந்து இருந்தது. இறக்கையை மடித்து, தலையைக் கவிழ்த்து, எச்சில் இலை போல ஒரு கிழிந்த உருவம். நாள் முழுவதும் ராக்கெட் லேபிளில் தூசியை அழித்து, சிவப்பைக் கூட்டி, இல்லாத தீப்பொறியை ஒட்டி வைக்கிற கை அவனுடையது. ஒரு அழுத்து அழுத்தினான். பருந்து போய்விட்டது. அதைச் செய்ததாகக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

கேமராச் சங்கத்தின் வருடப் போட்டி ஆனி மாதம் விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதலிடம் பெறும் படம் சங்கம் போடுகிற அடுத்த வருடத்து மாதக் காலண்டரின் அட்டைக்குப் போகும், எடுத்தவர் பெயரோடு. சிவகாசியில் பிரஸ்ஸில் வேலை பார்க்கிற முனியராஜ் ஆயிரக்கணக்கான அட்டைகளைச் செய்திருக்கிறான். ஒன்றிலும் அவன் பெயர் இருந்ததில்லை. நடுவராக மதுரையிலிருந்து கற்பகவல்லி வந்திருந்தார், பத்திரிகையில் முப்பது வருடம் படம் எடுத்து ஓய்வுபெற்றவர். டகோட்டா படத்துக்கு முதலிடம் என்று அவர் அறிவித்தார். இரண்டாமிடம் சோலைச்சாமிக்கு. அதுவும் அதே டகோட்டாதான், காற்றாடி இரண்டும் குச்சி போல நின்றுகொண்டிருந்தன.

கைதட்டல் அடங்குவதற்குள் சோலைச்சாமி எழுந்தார்.

"இது ஒட்டு வேலை. அவன் பொழப்பே அதுதான். பட்டாசு லேபிள்ல வெட்டி ஒட்டுறவன். இப்படி ஒரு படம் எவனாலயும் எடுக்க முடியாது."

சங்கத்தின் செயலாளர் செழியன், விருதுநகரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர், அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு நானும் அங்கனதான் இருந்தேன். இவனைக் கேட்லயே நாய் பிடிச்சிருச்சு. பையில வெடிமருந்து. உள்ளயே விடல. உள்ள வராதவன் எப்படிப் படம் எடுத்தான், கேளுங்க."

மண்டபத்தில் எல்லோரும் முனியராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். 

"கேட்ல உங்ககிட்டதான என்னையத் தெரியுமான்னு கேட்டாக" என்றான். "தெரியாதுன்னு சொன்னீக. இப்ப மட்டும் எப்படி அண்ணாச்சி தெரிஞ்சது?"

"ஏலே, யாருக்குலே அண்ணாச்சி? உங்கப்பன் இன்னும் என்னைய முதலாளின்னுதான் கூப்பிடுறான்."

யாரோ ஒருவர் சிரித்தார். முனியராஜ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழ, செழியன் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் நின்றார். அடுத்த ஞாயிறு எல்லோர் முன்னிலையிலும் அசல் கோப்பைத் திறந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. கேமரா தானாக எழுதிவைக்கிற கோப்பு அது, அதில் யாரும் கைவைக்க முடியாது. முனியராஜ் உடனே சரி என்றான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பருந்து நினைவுக்கு வந்தது.

போட்டி விதிகளில் முதல் வரி இதுதான். படத்தில் எதையும் சேர்க்கவும் கூடாது, எதையும் நீக்கவும் கூடாது.

 படம் மெய், ஆனால் கோப்பைத் திறந்தால் பருந்தும் வரும். முதலிடம் போகும். திறக்காமல் விலகிக்கொண்டால், உள்ளேயே வராதவன், வெட்டி ஒட்டியவன் என்று சோலைச்சாமி சொன்னது ஊரில் நிற்கும். வியாழக்கிழமை நாற்பத்தொரு படத்தையும் ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தான். முப்பத்தெட்டாவது படத்தில் விமானம் வலப்பக்கம் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தொன்பதில், உடம்பைத் திருப்பிய வேகத்தில், கேமரா வேலியோரத்து ஆட்களின் பக்கம் வந்திருந்தது. ஃபோகஸ் தூரத்து விமானத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தொப்பிக்குக் கீழே சோலைச்சாமி. லேசாகக் கலங்கிய படம்தான், ஆனாலும் அவரேதான். நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்மணியைக் கூப்பிட்டுக் காட்டினான். பருந்தையும் சொன்னான்.

"அப்ப திறந்தா உங்களுக்கும் போச்சு, அவருக்கும் போச்சு" என்றாள் அவள்.

"ஆமா."

"காலண்டர்ல பேரு வராது."

"வராது."

"பொய் சொன்னது அவரு. நீங்க என்ன செஞ்சீக, ஒரு பருந்தத்தான அழிச்சீக?"

"விதி விதிதான்." முப்பத்தொன்பதாவது படத்தை மறுபடி திறந்துகொண்டு அவன் சொன்னான்: "எனக்குப் பேரு வராட்டியும் போகுது. அந்த ஆளு பொய் சொன்னாருன்னு அங்கன அம்புட்டுப் பேரும் பாக்கணும்."

நேர்மையால் அந்த முடிவுக்கு வந்ததாக அவன் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. கோபம்தான் முடிவெடுத்தது.

ஞாயிறு காலை மண்டபத்தில் போன முறையைவிடக் கூட்டம். சண்டை என்று தெரிந்து உறுப்பினர் அல்லாதவர்களும் வந்திருந்தார்கள். செழியன் புரொஜெக்டரை இணைத்தார். கற்பகவல்லி முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் படத்திலிருந்து வரிசையாகச் சுவரில் விழுந்தன. பாதிக்கு மேல் கலங்கல். கலங்கிய டகோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்தன. பின்னால் புகை இதயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. இருபத்திரண்டாவது படம் வந்ததும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. கற்பகவல்லி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார்.

"தேதி, நேரம் எல்லாம் கோப்புலயே இருக்கு. படம் அசல். ஒட்டு இல்ல." அவர் விரலால் இறக்கைக்குக் கீழே காட்டினார். "ஆனா இங்க ஒரு பறவை இருக்கு. நீங்க அனுப்பின படத்துல இது இல்ல."

"நான்தான் அழிச்சேன் அம்மா" என்றான் முனியராஜ். "தப்பு."

சோலைச்சாமி தொடையில் தட்டினார். "பாத்தீகளா. நான் அன்னைக்கே சொன்னேன்."

"நீங்க சொன்னது ஒட்டு வேலைன்னு" என்றார் கற்பகவல்லி திரும்பாமலே. "அது இல்ல. இவர் செஞ்சது வேற. விதிப்படி இந்தப் படத்தை எடுத்துக்க முடியாது. பறவையை ஏன் அழிச்சீங்க முனியராஜ்? அந்தப் பருந்து இருந்ததாலதான் விமானம் எவ்வளவு தாழ வந்ததுன்னு தெரியுது. அழிச்சு நீங்களே படத்தைக் கெடுத்திருக்கீங்க."

அது அவனை அறைந்தது. தோற்றதைவிட அது அதிகமாக வலித்தது. ஆனால் அவன் உட்காரவில்லை.

"இன்னும் படம் இருக்கு செழியன் சார். கடைசி வரைக்கும் தள்ளுங்க."

செழியன் தள்ளினார். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. சோலைச்சாமியின் முகம் சுவர் முழுக்க, ஓர் ஆள் உயரத்துக்கு நின்றது.

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிச் சோலைச்சாமியைப் பார்த்தார்கள். 

"இப்ப சொல்லுங்க" என்றான் முனியராஜ். "நான் உள்ள வந்தேனா, வரலையா?"

"கூட்டத்துல யாரு யாரைப் பாக்குறது?"

"என்னையப் பாக்குறீக. இந்தா, சுவத்துல இருந்தும் பாக்குறீக."

சோலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வாசலில் நின்று, "படத்தை அழிச்ச திருட்டுப்பய என்னையக் கேள்வி கேக்குறான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னாலேயே நாலு பேர் போனார்கள். அவரைப் போலவே ஊரில் காடு வைத்திருப்பவர்கள்.

முதலிடப் படம் விலக்கப்பட்டால் இரண்டாமிடப் படம் மேலே வரும் என்றும் விதி இருந்தது. பொய் சொன்னவரை விலக்க விதி இல்லை. செழியன் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கற்பகவல்லி வேண்டாவெறுப்பாகக் கையெழுத்துப் போட்டார். காலண்டர் அட்டை சோலைச்சாமிக்குப் போயிற்று.

ஆவணியில் அந்த ஆர்டர் சிவகாசிக்கு வந்தது, முனியராஜ் வேலை பார்க்கிற பிரஸ்ஸுக்கே. காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்த நேரம். சங்கம் சரிபார்த்துக் கையெழுத்திட்டு அனுப்பிய புரூஃபை முதலாளி அவன் மேசையில்தான் வைத்தார். அவன் கோப்பைத் திறந்தான். நின்றுபோன காற்றாடிகளோடு டகோட்டா திரையில் வந்தது.

மூன்றாம் நாள் சோலைச்சாமி காரில் வந்து இறங்கினார். முதலாளி அறையில் டீ குடித்துவிட்டு டிசைன் பிரிவுக்கு வந்தார். முனியராஜின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். சட்டைக்குப் போட்ட அத்தர் வாசனை வந்தது.

"ஏலே, அந்தக் காத்தாடியைக் கொஞ்சம் சுத்த விட்டிரு. பாக்குறவன் கேக்குறான், எஞ்சின் நின்னு போச்சான்னு."

முனியராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"சங்கம் கையெழுத்துப் போட்ட புரூஃப் இது. நான் தொட மாட்டேன்."

"உனக்குத் தெரியாத வேலையா? ஒரு நிமிசம்தான?"

"அரை நிமிசம்தான். செய்ய மாட்டேன்."

"முதலாளிகிட்டச் சொல்லவா?"

"சொல்லுங்க. அவர் என்னைய நிறுத்திட்டு வேற ஆள வச்சு செஞ்சுக்கட்டும். நான் நேரா செழியன் சாருக்குப் போன் போட்டு, காத்தாடி சுத்துன கதையச் சொல்லுவேன்."

சோலைச்சாமி குனிந்தார். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "உங்கப்பன் இன்னும் என் ஊர்லதான் இருக்கான். மறந்துராத."

அவர் போன பிறகு முனியராஜ் அட்டையை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பினான். கீழே "ஒளிப்படம்: மல்லாங்கிணறு சோலைச்சாமி" என்று சரியான எழுத்தில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டான்.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் அவன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. அப்பா நாகையா பின்னால் இருந்து நாலு ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். பொன்மணி கயிற்றைப் பிடித்திருந்தாள், வேலைக்குப் போன சேலையைக்கூட மாற்றவில்லை.

"வரப்புல கால் வைக்கக் கூடாதுன்னுட்டாக" என்றார் நாகையா. "ஊர்ல எல்லா வரப்பும் அவுக வகையறாதான். ஆடு எங்கன மேயும்? ஏத்திட்டு வந்துட்டேன்."

முனியராஜ் ஓர் ஆட்டின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டான். "என்னாலதாம்ப்பா" என்றான்.

 நாகையா ஆடுகளை வேலிக்கம்பில் கட்டினார். கைகால் கழுவினார். பொன்மணி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்த பிறகு கேட்டார்.

"மண்டபத்துல அவர் மொகம் சுவரு ஒசரத்துக்கு வந்துச்சாமே. ஊர்ல பேசிக்கிட்டாக."

"வந்துச்சு."

"எங்கன, காட்டு."

முனியராஜ் கணினியைத் திறந்து முப்பத்தொன்பதாவது படத்தை வைத்தான். நாகையா பாயிலிருந்து நகர்ந்து பக்கத்தில் வந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு திரையை நெடுநேரம் பார்த்தார்.

"இடது கண்ணுக்குக் கீழ மச்சம் இருக்கா இவருக்கு?" என்றார். "நாப்பது வருசமா எனக்குத் தெரியாது."

வெளியே ஆடு கத்தியது. குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பொன்மணியைக் கேட்டுக்கொண்டே அவர் எழுந்து போனார்.